சீனன்குடாவும் திருகோணமலை நகரின் வளர்ச்சியும்

திருகோணமலை என்றதும் கோணேசர் கோயிலும் இயற்கைத் துறைமுகமுமே நினைவுக்கு வருவன. நகர் என்பது இவ்விரண்டுக்கும் இடையே எஞ்சிய நிலமாகவே கருதப்பட்டு வந்துள்ளது. நானூறு ஆண்டுகளாக இவ்விடத்தை ஆண்ட அரசுகள் துறைமுகத்துக்காகவே திட்டமிட்டன. அத்திட்டங்கள் விட்டுவைத்த இடத்தில் மக்கள் குடியிருந்தனர். நகரின் தென்மேற்கே, உட்துறைமுகத்தின் கரையில் அமைந்த சீனன்குடாவின் வரலாற்றை நோக்குவார்க்கு இது தெளிவாகப் புலப்படும்.

நகரின் பழைய பகுதி ஒடுங்கிய ஒரு நிலக்கழுத்தின்மீது அமைந்தது. அதன் கிழக்கு முனையிலே சுவாமிமலை கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கின்றது. ஏழாம் நூற்றாண்டிலே ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணமாமலை இதுவே. 1620களில் போர்த்துக்கேயர் இக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். கோட்டை வாயிலிற் காணப்படும் இணைக்கயற் சின்னம் அக்கற்கள் எங்கிருந்து வந்தன என்பதை இன்றும் உணர்த்துகின்றது. பின்னர் ஒல்லாந்தர் வசமாகிய இக்கோட்டையை 1782ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பிரித்தானியர் கைப்பற்றினர். அவ்வாண்டு ஓகத்து மாதத்திலேயே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சப்ரன் அதனை அவர்களிடமிருந்து கவர்ந்தார். மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்று, 1795இல் நிலையாகப் பிரித்தானியர் கைக்கு வந்தது. இத்தனை கைமாற்றங்களிலும் நகர்மக்களின் விருப்பம் எவராலும் கேட்கப்படவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கோட்டை நகரின் ஒரு முனையை மூடியது. மறுமுனையை மூடியது சீனன்குடா. நிலக்கரியால் இயங்கிய போர்க்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபோது, கிழக்கிலே பெருங்கடற்படையொன்றை நிறுத்துவதற்கு எண்ணெய்ச் சேமிப்பிடம் இன்றியமையாததாயிற்று. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவை அடுத்த ஏறக்குறைய 850 ஏக்கர் நிலத்தில் எண்ணெய்க் குதங்கள் அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 10,000 தொன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவு உடையது. அருகே விமானத்தளமும் எழுந்தது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இவ்வேற்பாடுகளின் பெறுமதி பன்மடங்காகியது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின, குதமொன்று அழிந்தது. எஞ்சியவற்றுள் 99 குதங்கள் இன்றும் நிற்கின்றன.

இக்குதங்களின் அமைப்பு நகரமைப்பு மாணவர் ஊன்றி நோக்குதற்குரியது. குண்டுவீச்சில் ஒன்று தீப்பற்றினும் அடுத்தது தப்புதற்காக அவை பரந்த இடைவெளிவிட்டுக் கட்டப்பட்டன. எனவே சேமிக்கப்படும் எண்ணெயின் அளவுக்கு வேண்டியதினும் பன்மடங்கு நிலம் வேலிக்குள் அகப்பட்டது. நிலக்கழுத்திலிருந்து உள்நாட்டை நோக்கி இயல்பாக விரிந்திருக்கக்கூடிய நகருக்கு இது பெருந்தடையாயிற்று. கந்தளாய் வீதியும் இருப்புப்பாதையும் சீனன்குடாவை ஊடறுத்தே நகரை அடைகின்றன. ஆயினும் அவ்வழியே நகர் வளரவில்லை. வீதி இருந்தும் வீடு இல்லாத நிலை அது.

1957இற் பிரித்தானியர் கடற்படைத்தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். வேலிகள் அகலுமென எதிர்பார்த்திருக்கக்கூடிய காலம் அது. விமானத்தளம் இலங்கை விமானப்படையிடம் சென்று, அதன் கல்விக்கூடம் அங்கே அமைந்தது. 1980இல் பிறீமா மா ஆலை இயங்கத் தொடங்கியது; சீமெந்து ஆலையும் தொடர்ந்தது. இவை வேலை தந்தன என்பதை மறுத்தற்கில்லை. எனினும் ஆழ்கடற் கப்பல் கரையை அணையும் வசதிக்காகவே இவ்வாலைகள் இங்கு வந்தன. ஆலையைச் சூழ ஊர் எவ்வாறு அமைதல் வேண்டுமென எண்ணிய திட்டத்தின் சுவடு அங்கு அரிதே.

காலியோடு ஒப்பிடின் இந்நிலை மேலும் விளங்கும். காலிக்கோட்டையுள் வீடுகளும் நீதிமன்றும் பள்ளிவாசலும் இருந்தன. அது குடியிருந்த கோட்டை. 1988இல் அது உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தபோது காக்கப்பட்டது மதில் மட்டுமன்று, மதிலுள் வாழ்ந்த நகருமாகும். திருகோணமலைக் கோட்டையோ படைமுகாமாகவே நிலைத்தது. கோணேசரை வழிபடச் செல்லும் அடியவர் இன்றும் படையினர் தங்கியுள்ள கோட்டையினூடாகவே செல்கின்றனர். காலியைப் பின்பற்றி இங்கே மரபுரிமை நகரொன்றை அமைக்கலாமெனக் கூறுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதியைப் போர் விழுங்கியது. மீனவர்க்குக் கடல் மூடப்பட்டது. 2006இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம், ஓடத்தை நம்பியிருந்த தென்கரையை நகரோடு இணைத்தது. 396 மீற்றர் நீளமான அப்பாலம் நகரின் எல்லையை மாற்றிய அளவுக்கு வேறெந்தத் திட்டமும் மாற்றவில்லை எனலாம்.

குதங்களை மரபுரிமையாகக் கொள்ளலாமா என்ற வினா ஒருபுறம் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களையே பழஞ்சின்னங்களாக வரையறுத்தது. கண்டியரசின் முடிவைக் குறிக்கும் அந்நாள், கைத்தொழிற் காலத்துச் சின்னங்களை வரையறைக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது. கோட்டை உள்ளே, குதம் வெளியே. இருபதாம் நூற்றாண்டின் ஆதிக்கப் போட்டிக்கு இத்துணை வலிய சான்று இத்தீவில் வேறு அரிதாயினும், அதற்குச் சட்டத்தில் தாமாகக் கிட்டும் இடம் இல்லை.

மறுபுறம், குதங்களின் எதிர்காலம் நகருக்கு வெளியே முடிவாகி வந்துள்ளது. 1987 யூலை 29ஆந் திகதி இலங்கையும் இந்தியாவும் பரிமாறிய கடிதங்களில் அவை இடம்பெற்றன. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்குக் குத்தகை வழங்கப்பட்டது. 2022 சனவரி உடன்பாடு 14 குதங்களை அந்நிறுவனத்துக்கும், 24 குதங்களை இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 குதங்களை இரண்டும் இணைந்த கம்பனிக்கும் பகிர்ந்தது. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் முத்தரப்பு உடன்பாடு ஒப்பமாகியது.

சீனன்குடாவை உள்ளடக்கிய பிரதேச செயலாளர் பிரிவின் பெயர் ‘பட்டினமும் சூழலும்’ என்பது. அம்மூன்று அரசுகளின் உடன்பாட்டின்படி குழாய்களும் குதங்களும் புதுப்பிக்கப்படுமாயின், அவற்றுக்கு வேண்டிய பாதுகாப்பு வலயம் எவ்வளவு அகலமானது, கந்தளாய் வீதியின் இருமருங்கும் குடியிருப்புக்கு விடப்படுமா, பயன்படாத ஏக்கர்கள் வேலிக்குள்ளேயே கிடக்குமா என்பன அப்பிரிவின் மக்கள் கேட்க வேண்டிய வினாக்கள். அவற்றை அவர்கள் கேட்பதற்குரிய காலம், வரைபடத்தில் கோடுகள் விழுவதற்கு முன்னரேயாகும்.