பாம்பனில் பிரிந்த பாதை

மதுரைக் கல்லூரிகளில் ஒரு நாள் சுற்றுலா என்றால் பெரும்பாலும் ராமேஸ்வரம்தான். கோயில், கலாம் நினைவிடம், பாம்பன் பாலம், கடைசியாகத் தனுஷ்கோடி. 2017இல் அரிச்சல்முனைக்குச் சாலை திறந்த பிறகு கூட்டம் பெருகிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுக்கிறோம், சங்கு வாங்குகிறோம், திரும்புகிறோம். அங்கே நமக்குச் சொல்லப்படும் கதைகள் இரண்டு: ராமர் பாலம் கட்டிய கதை, 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் ஊரை விழுங்கிய கதை. மூன்றாவது கதை ஒன்று உண்டு. அது நம் சேரிகளிலிருந்து கிளம்பிப் போனவர்களின் கதை.

தனுஷ்கோடி ஏன் துறைமுகம் ஆனது என்று கேட்டால் அந்தக் கதை தொடங்கும். 1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தீவுக்குள் நுழைந்தது. அதே ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. வணிகரும் அலுவலரும் அதில் போனார்கள். ஆனால் இலங்கைத் தோட்டத் துரைமார்களுக்குத் தேவைப்பட்டது கூலிகள்.

மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் வட்டாரங்களிலிருந்து அவர்கள் திரட்டப்பட்டார்கள். பள்ளர், பறையர், அருந்ததியர் அதில் பெரும்பகுதி. உழுதது அவர்கள்; நிலம் அவர்களுடையதல்ல. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் முதலில் செத்ததும் அவர்களே. ஆகவே ‘கண்டிச் சீமை’ என்ற சொல் பண்ணையடிமைக்கு ஒரு விடுதலைபோலக் கேட்டது. ஆள் திரட்ட வந்த கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் கடனாக ஏறின. தோட்டத்தில் இறங்கும்போதே கடனாளியாக இறங்கினார்கள். ஊரில் ஆண்டைக்குக் கட்டுப்பட்டவர் அங்கே கங்காணிக்குக் கட்டுப்பட்டார். பெரிய கங்காணிகளில் பலரும் சாதி இந்துக்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ரயிலும் கப்பலும் வருமுன்னே காப்பித் தோட்டக் காலத்தில் தோணியில் மன்னார் கரை சேர்ந்து, காடு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். காலராவும் பசியும் வழியெங்கும் கொன்றன. நடைச்சாவைக் குறைத்தது ரயில்தான். அதை மறுக்க வேண்டியதில்லை. அதே ரயில் ஆட்களை எண்ணி, சோதித்து, அனுப்பவும் வசதி செய்தது. மண்டபத்தில் இலங்கை அரசே ஒரு முகாம் நடத்தியது. தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே சில நாள் அடைத்துவைத்து, துணிகளைக் கிருமிநீக்கி, அம்மை குத்தி அனுப்பினார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்று காட்டும் எண் பொறித்த தகர வில்லையைப் பிணைத்து அனுப்பும் முறையும் இருந்தது.

பாம்பனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரம் கோயிலுக்கு, மற்றொன்று தனுஷ்கோடிக் கப்பலுக்கு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம் மக்கள் கால் வைத்ததே 1939 ஜூலை 8 அன்றுதான். அதுவரை இந்தப் பாதையில் போன சேரி மக்களுக்குக் கப்பலின் கதவுதான் திறந்திருந்தது, கோயிலின் கதவு அல்ல.

மதுரையின் சாமி ஒன்றும் கடல் கடந்திருக்கிறது. கரீபியன் கடலில் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு 1854 முதல் சுமார் 42,000 இந்தியர்கள் கரும்பு வெட்டக் கொண்டுபோகப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் அவர்களில் கணிசம். மொழி மங்கிவிட்டது. ஆனால் குவாதலூப்பிலும் மார்த்தினீக்கிலும் ‘மால்தெவிலின்’ என்ற பெயரில் மதுரை வீரன் இன்றும் வணங்கப்படுகிறார். அருந்ததியர் வீட்டில் வளர்ந்ததாகக் கதை சொல்லும் அதே வீரன். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுர வாசலில் நிற்கும் அதே வீரன்.

குவாதலூப்பின் துறைமுக நகரம் புவாந்த்-ஆ-பீத்ர். உல்லாசக் கப்பல்களில் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கும் ஊர். அங்கே இந்தியர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டையொட்டி ‘முதல் நாள்’ நினைவுச்சின்னம் எழுந்தது. பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015இல் அடிமை வரலாற்று நினைவகம் திறந்தது. கடற்கரைக்கு வருகிறவர், அந்த ஊரைக் கட்டியது யார் உழைப்பு என்பதையும் பார்க்க முடிகிறது. அந்த மக்கள் கேட்டுப் பெற்றது அது.

இங்கோ தனுஷ்கோடி ‘பேய் நகரம்’ என்று விற்கப்படுகிறது. புயலுக்கு ஏழு வாரம் முன், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. போன வழியான தனுஷ்கோடி அழிந்துவிட்டதால் ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபம் வழியாக வந்தார்கள். 1983க்குப் பின் ஈழ அகதிகளுக்கும் அந்த மண்டபமே முகாமானது. நூறாண்டாக நம் மக்கள் எண்ணப்பட்ட இடம் அது.

தோழர்களே, தனுஷ்கோடிக்குப் போங்கள். போகுமுன் உங்கள் தெருவில் ‘கண்டிக்குப் போன’ குடும்பம் எது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பெயர், ஊர், தோட்டம், திரும்பிய ஆண்டு எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். மண்டபத்திலும் தனுஷ்கோடியிலும் தொழிலாளர் நினைவுச்சின்னம் வேண்டும் என்று கேட்கப்போகும் நமக்கு, அந்தப் பெயர்ப் பட்டியல்தான் முதல் ஆவணம்.