தி கன்ட்ரி கிளப், புரூக்லைன்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டிய புரூக்லைனில் 1882இல் தொடங்கப்பட்ட கிளப். அந்நாட்டின் கன்ட்ரி கிளப்புகளில் மூத்ததாகக் கருதப்படுவது. பாஸ்டனின் செல்வக் குடும்பங்கள் குதிரையேற்றத்துக்கும் பந்தயத்துக்கும் விருந்துக்கும் கூடுவதற்காக இதை அமைத்துக்கொண்டன. கோல்ஃப் அப்போது அவர்கள் நினைப்பில் இல்லை.

1892இல் பிரான்சின் போ நகரிலிருந்து ஃப்ளோரன்ஸ் பாய்ட் என்ற இளம்பெண் வெல்லெஸ்லியிலுள்ள உறவினர் வீட்டுக்கு வந்தபோது கோல்ஃப் மட்டைகளையும் கொண்டுவந்தார். அங்கே ஆடிப்பார்த்தவர்களின் ஆர்வம் கிளப்பையும் தொற்றியது. 1893இல் ஆறு குழிகளோடு ஆடுகளம் உருவானது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது பதினெட்டாக வளர்ந்தது. 1894இல் அமெரிக்க கோல்ஃப் சங்கத்தை நிறுவிய ஐந்து கிளப்புகளில் இதுவும் ஒன்று.

இந்தக் களத்தை உலகறியச் செய்தவர் அப்போது கிளப்பின் உறுப்பினர் அல்லர். பதினேழாம் குழிக்கு எதிரே, கிளைட் தெருவில் குடியிருந்த தொழிலாளியின் மகன் ஃபிரான்சிஸ் ஊமெட். சிறுவனாக இங்கே மட்டைப்பை சுமக்கும் கேடியாக வேலை செய்தவர். வீட்டுக்குப் பின்னால் தாமே குழி வெட்டி ஆடிப் பழகியவர். இங்கே நடந்த 1913 அமெரிக்க ஓப்பனில் அமெச்சூராகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 20. அவருடைய கேடி எடி லோரிக்கு வயது 10. நான்கு சுற்றுகள் முடிவில் ஊமெட்டும் பிரிட்டிஷ் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இருவரும் 304 அடிகளில் சமமாக நின்றார்கள். ஒருவர், அதற்குள் ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்றிருந்த ஹாரி வார்டன். மற்றவர், அதன் 1912ஆம் ஆண்டு வெற்றியாளர் டெட் ரே. மறுநாள் கூடுதல் சுற்றுக்கு அனுபவமுள்ள கேடியை வைத்துக்கொள்ளச் சொன்னவர்களுக்கு ஊமெட் இணங்கவில்லை. ஈரம் ஊறிய களத்தில் அவர் 72, வார்டன் 77, ரே 78. பதினேழாம் குழியில் வார்டன் அதற்குரிய அடிகளைவிட ஒன்று கூடுதலாகச் செலவிட, ஊமெட் ஒன்று குறைவாக முடித்தார். அமெரிக்க ஓப்பனை வென்ற முதல் அமெச்சூர் அவரே. பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த ஆட்டத்தின் மீது சாதாரண அமெரிக்கர்களின் கண் திரும்பியது அன்றைக்குத்தான் என்று துணிந்து சொல்லலாம்.

அதே ஊமெட்டின் அமெச்சூர் தகுதியை, விளையாட்டுச் சாமான் கடை நடத்தினார் என்பதற்காக 1916இல் சங்கம் பறித்தது. முதல் உலகப் போரில் அவர் ராணுவச் சேவைக்குப் போன பிறகே அதைத் திருப்பித் தந்தது. உழைத்துப் பிழைக்க வேண்டிய ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி இது. 1949இல் அவர் பெயரில் தொடங்கிய நிதி, மாசசூசெட்ஸ் கோல்ஃப் களங்களில் வேலை பார்த்த இளைஞர்களின் கல்லூரிப் படிப்புக்கு இன்றும் உதவுகிறது.

1927இல் பிரிம்ரோஸ் என்ற ஒன்பது குழிகள் சேர்ந்தன. பெரிய போட்டிகளுக்கு அவற்றில் சிலவற்றையும் பழைய களத்தையும் இணைத்து ஆடுகிறார்கள்.

பதினேழாம் குழி பின்னரும் பலரைச் சோதித்தது. 1963 அமெரிக்க ஓப்பனில் ஜாக்கி கியூபிட் முன்னிலையை அங்கே இழந்தார். கூடுதல் சுற்றில் ஜூலியஸ் போரோஸ் வென்றார். 1988 அமெரிக்க ஓப்பனில் கர்டிஸ் ஸ்ட்ரேஞ்ச் அங்கே சறுக்கியும் மறுநாள் கூடுதல் சுற்றில் நிக் ஃபால்டோவை வீழ்த்தினார். 1999 ரைடர் கோப்பையில் ஐரோப்பிய அணியிடம் 6-10 எனப் பின்தங்கியிருந்த அமெரிக்கா மீண்டு வென்றது. ஜஸ்டின் லெனர்டின் நெடுந்தொலைவுப் பந்து அந்தக் குழியில் விழுந்ததும், எதிராளி ஒலாசபால் தம் முறையை ஆடுவதற்கு முன்பே அமெரிக்கர்கள் கிரீனுக்குள் பாய்ந்தார்கள். அந்த வெற்றிக்கு அது களங்கமே. 2013இல் இங்கே அமெரிக்க அமெச்சூர் பட்டம் பெற்ற இங்கிலாந்தின் மாட் ஃபிட்ஸ்பாட்ரிக், 2022இல் இதே களத்தில் அமெரிக்க ஓப்பனையும் வென்றார்.