அமுக்குப் பேய் (உறக்க முடக்கம்)

நித்திரையில் இருந்து விழிக்கும்போதோ நித்திரைக்குள் போகும்போதோ, நினைவு தெளிவாக இருந்தும் கை கால் அசைக்கவோ வாய் திறக்கவோ முடியாமல் கிடக்கும் நிலை உறக்க முடக்கம். சில நொடிகளில், மிஞ்சினால் சில நிமிடங்களில், தானாகவே விலகிவிடும். தமிழ் ஊர்களில் ‘பேய் அமுக்கிப்போட்டுது’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான்.

பாயில் மல்லாந்து கிடப்பவருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் மூச்சு கேட்கும். கூரை தெரியும். வாசலில் யாரோ நிற்பதுபோலவும் நெஞ்சில் ஏறிக் குந்தியிருப்பதுபோலவும் இருக்கும். ‘அம்மா’ என்று கத்த நினைப்பார், நாக்கு புரளாது. இவை பொய்யாகச் சொல்லப்படுபவை அல்ல. கனவு காணும் கட்டத்தில் மூளைத்தண்டு உடல் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. கனவில் ஓடுபவர் நிசத்தில் எழுந்து ஓடாதிருப்பது அதனால்தான். விழிகள் வேகமாக அசையும் இந்தக் கட்டத்தை 1953இல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் விவரித்தார்கள். நினைவு முந்தி விழித்து, தசைத் தளர்ச்சி பிந்தி நின்றால் கனவின் மிச்சம் கண்முன் வந்து நிற்கும். அப்போதும் கண்விழிகள் அசையும், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி பொதுமக்களில் 100இல் ஏறத்தாழ 8 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது வருகிறது. நித்திரைக் குறைவும் நேரம் மாறிப் படுப்பதும் முக்கிய காரணங்கள். மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் வயலுக்கு இரவுக் காவல் இருப்பவரும், வங்காலைக் கரையில் இருந்து இரவில் கடலுக்குப் போகிறவரும் உடைந்த நித்திரையோடுதான் வாழ்கிறார்கள். நித்திரைக் குறைவு மட்டுமல்ல, மன அதிர்ச்சியும் இதோடு தொடர்புடையது. 2008இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் அதே மாவட்டத்து அடம்பனைக் கடந்து போனது. சனங்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்து, பின்னர் முகாம்களில் அடைபட்டார்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு உள்ளவர்களிடம் உறக்க முடக்கம் கூடுதலாகக் காணப்படுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. அப்படியானவரிடம் ‘பயந்தாங்கொள்ளி’ என்று சொல்வது கொடுமை.

தலைமாட்டில் இரும்புத் துண்டு வைப்பது, நூல் கட்டுவது, செபமாலையோடு படுப்பது எல்லாம் மனத்தைத் தேற்றும், அவற்றில் தீங்கில்லை. தீங்கு, வேறோர் ஆபத்தை அமுக்குப் பேய் என்று எண்ணிவிடுவதில் இருக்கிறது. கட்டுவிரியன் நிலத்தில் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும் பாம்பு. கடி பெரும்பாலும் வலிக்காது, பல்லடையாளமும் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி, இமை சரிவு, விழுங்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று தொடங்கி மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கும். உறக்க முடக்கத்தில் கண்ணும் மூச்சும் தப்பும். இந்தக் கடியிலோ முதலில் விழுவது கண்ணிமை. முன்னது நிமிடங்களில் தீரும், பின்னது மணிக்கு மணி முற்றும். பாம்புக்கடியைப் பேய் என்று எண்ணி விபூதி பூசிக் காத்திருக்கும் நேரம் ஓர் உயிரின் விலை. அதேபோல் எழும்பிய பின்னும் ஒரு பக்கக் கை கால் வராமலிருந்தால், வாய் கோணினால், அது பாரிசவாதமாக இருக்கலாம். பல மணி நேரம் உடல் சோர்ந்து கிடந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எப்போதாவது வந்து போகும் முடக்கத்துக்கு மருந்து தேவையில்லை. மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பதும், நேரத்துக்கு நித்திரை கொள்வதும், மதுவைத் தவிர்ப்பதும் உதவும். முடக்கம் வந்தவுடன் ஒரு விரலை மட்டும் அசைக்கப் பார்க்கலாம். வாரத்தில் பலமுறை வந்தாலோ, படுக்கவே பயமானாலோ வைத்தியரைப் பார்க்க வேண்டும். பகலில் அடக்க முடியாத நித்திரை, சிரிக்கும்போது முழங்கால் மடிந்து விழுதல் ஆகியவை நார்கொலெப்சி என்ற நோயின் அடையாளங்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதையும் கவனிக்க வேண்டும். தாமாக நித்திரைக் குளிசை வாங்கிப் போடுவது கூடாது.

அடம்பன் பகுதியில் இருப்பவர்கள் முதலில் அடம்பன் வைத்தியசாலையில் காட்டலாம். மேலதிகச் சிகிச்சைக்கு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. முடக்கம் மன உளைச்சலோடு வருவதாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் பேசலாம். இமை சரிந்தாலோ மூச்சுத் திணறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.