வாரிசுகள் இருந்தும் உரிமை கோரப்படாத ஜனாஸாக்கள்



மனிதன் மரணித்த பின் அவனது உடல் யாருக்குரியது? அது எவருடைய சொத்துமன்று, அல்லாஹ்வின் அமானிதம் என்பதே நமது மார்க்கச் சட்ட மரபு தரும் விடையாகும். அதனைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, நல்லடக்கம் செய்வது ஊரார் மீது பர்ளு கிபாயா. மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதால், உறுப்பு தானம் பற்றிய வினா எழுந்தபோது உலமாக்கள் பலர் நெடுங்காலம் தயங்கினர். 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி நிபந்தனைகளுடன் அதனை அனுமதித்தது. மரணித்தவர் முன்னரே அனுமதித்திருக்க வேண்டும், அல்லது வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அடையாளம் தெரியாத அல்லது வாரிசற்ற உடலாயின் மட்டுமே ஆட்சியாளரின் அனுமதி போதுமானது. உறுப்பை விற்பதற்கோ எவருக்கும் உரிமையில்லை.

ஆட்சியாளரின் இடம் இறுதியிலேயே வருகின்றது என்பதை இளைஞர்கள் மனதிற் கொள்ள வேண்டும். நமது நாட்டில் அவ்வரிசை தலைகீழாக மாறிய ஒரு காலம் இருந்தது.

2020 மார்ச் இறுதியில் கொரோனாவினால் மரணித்த முதலாவது முஸ்லிம் சகோதரரின் ஜனாஸா நீர்கொழும்பில் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரித்தலைக் கட்டாயமாக்கியது. வெப்பநிலை 800 முதல் 1200 பாகை செல்சியஸ், நேரம் குறைந்தது 45 நிமிடம் என்றெல்லாம் அது விதித்தது. புதைத்தால் நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்பதே கூறப்பட்ட காரணம். உலக சுகாதார அமைப்போ அடக்கம் செய்யவும் முடியும், எரிக்கவும் முடியும் என மார்ச் மாதத்திலேயே வழிகாட்டியிருந்தது.

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுக்களை, விசாரணைக்கு எடுக்காமலேயே, 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பினால் தள்ளுபடி செய்தது. அதன் பின் பல குடும்பங்கள் தம் உறவினரின் உடல்களைப் பொறுப்பேற்க மறுத்தன. பெட்டிக்குப் பணம் கட்டி, கையொப்பமிட்டு, எரிப்பதற்குத் தாமே உடந்தையாவதா என்பதே அவர்களது கேள்வி. கொழும்பில் அவ்வாறு தங்கியிருந்த 19 ஜனாஸாக்களை அரசே எரிக்கலாம் எனச் சட்டமா அதிபர் அறிவித்தார். உரிமை கோரப்படாத உடல்களாம்! மனைவியும் மக்களும் வெளியே அழுதுகொண்டு நிற்க, உள்ளேயிருப்பவர் வாரிசற்றவராக்கப்பட்டார். என் பார்வையில், அக்காலத்தின் மிகக் கொடிய சொல் அதுவே.

அதே டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான பாலகன் ஒருவனின் ஜனாஸா, பெற்றோரின் சம்மதமின்றிப் பொரளையில் எரிக்கப்பட்டது. மயானத்தின் வாயிற் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிமல்லாத சகோதரர்களும் அவற்றைக் கட்டினர் என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்ய முடியும் எனக் கூறியது.

2021 பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானி அடக்கத்தை அனுமதித்தது. முதலில் இரணைதீவு முன்மொழியப்பட்டது. நீண்ட போராட்டத்தின் பின் சொந்த மண்ணுக்குத் திரும்பியிருந்த அத்தீவு மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. பின்னர் ஓட்டமாவடி, மஜ்மா நகரில் மார்ச் 5ஆம் திகதி நல்லடக்கங்கள் ஆரம்பமாயின. ஓராண்டில் அங்கு அடக்கப்பட்டோர் 3000க்கும் அதிகம். பிற சமயத்தவரும் அவர்களுள் உள்ளனர்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என அரசு கூறியது. அடக்கமா, தகனமா என்பதை மரணிப்பவரோ உறவினரோ தெரிவுசெய்யச் சட்டமியற்றவும் அமைச்சரவை அப்போது இணங்கியது. மஜ்மா நகரில் தந்தையை அடக்கிய கொழும்புப் பிள்ளைகள், ஸியாரத்திற்காக நாட்டின் மறு கரைக்குப் பயணிக்க வேண்டியுள்ளது. அந்த 276 குடும்பங்களுக்கோ சென்று ஸலாம் கூற ஒரு கப்றுமில்லை.