கூடு பாயும் எந்திரங்கள்: குன்றத்தூரிலிருந்து சில குறிப்புகள்

1

போலச்செய்தல் பற்றி நம் விமர்சகர்கள் கொஞ்சமாகவா எழுதியிருக்கிறார்கள்? கலை வாழ்க்கையைப் போலச்செய்கிறதா, இல்லையா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டாகிவிட்டது. ஓர் எந்திரம் இன்னோர் எந்திரத்தைப் போலச்செய்வது பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அதெல்லாம் கம்ப்யூட்டர்க்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு என்கிற அசட்டை. உற்பத்தி, உடைமை, உழைப்பு ஆகிய சொற்களின் அர்த்தத்தையே கடந்த அறுபது ஆண்டுகளாகச் சத்தமில்லாமல் புரட்டிப்போட்டு வரும் காரியம் இது. இதன் வரலாற்றைக் குன்றத்தூரில் உட்கார்ந்து எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, இது சேக்கிழாரின் ஊர். கும்பகோணத்துப் பக்கத்துத் திருநாகேசுவரத்தின் மேல் பற்றுக்கொண்ட அந்தச் சோழ அமைச்சர், அதே பெயரில் இங்கே ஒரு கோயிலை எடுப்பித்தார். இன்றும் வடநாகேசுவரம் என்றுதான் வழங்குகிறது. மூலம் காவிரி நாட்டில், போலி தொண்டை நாட்டில். போலி என்பதை நான் இழிவாகச் சொல்லவில்லை, இலக்கணக்காரர்கள் சொல்லும் பொருளில் சொல்கிறேன். 'அறம்' என்பது 'அறன்' ஆனாலும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் வேறெழுத்து வந்து அதே வேலையைச் செய்கிறது. எந்திரப் போலியும் இதுதான். ஒரு சில்லுக்காக எழுதப்பட்ட நிரல், வேறொரு சில்லின் மேல் தான் ஓடுவதை அறியாமலே ஓடுகிறது.

இரண்டாவது காரணம், ஷிப்ட் பஸ்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள் விடியலிலும் நள்ளிரவிலும் எங்கள் ஊரைக் கடக்கின்றன. எந்திரங்களின் உடல்களைப் பூட்டித் தருகிறவர்கள் அந்தப் பஸ்களில் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

2

வரலாறு ஐபிஎம்மில் தொடங்குகிறது. 1960களில் ஒரு கணிப்பொறி என்பது ஒரு மண்டபம். ஒருவர் உபயோகிக்க மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையம், ஒரே எந்திரத்தைப் பல எந்திரங்களாகத் தோன்றச்செய்யும் நிரலை உருவாக்கி, 1967இல் ஓட்டிக்காட்டியது. ஒவ்வொருவருக்கும் முழு எந்திரமும் தன் கையில் இருப்பதாகவே நினைப்பு. 1972இல் இது விஎம்/370 என்ற பெயரில் சரக்காக வெளிவந்தது. 1974இல் போபெக், கோல்ட்பெர்க் என்ற இருவர், எந்தெந்த எந்திரங்களை இப்படிப் பகிர முடியும் என்பதற்குக் கணித நிபந்தனை வகுத்தார்கள்.

பிற்பாடு மேசைக் கணிப்பொறிகளை ஆண்ட இன்டெலின் எக்ஸ்86 சில்லு அந்த நிபந்தனைக்கு அடங்கவில்லை. 1998இல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் குறுக்குவழி கண்டுபிடித்து அதை அடக்கியது. ஆனால் சூத்திரம் பூட்டிய பெட்டிக்குள், விலைக்கு.

2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் க்யூஎமு என்ற மென்பொருளை மூலநிரலோடு சும்மா கொடுத்தார். இதன் வேலை முறையைத் துபாஷியை வைத்து விளக்கலாம். துரை ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் புதிதாக மொழிபெயர்க்கிற துபாஷி ஒரு வகை. கேட்ட பேச்சைப் பத்தி பத்தியாகப் பெயர்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, அதே பேச்சு திரும்ப வந்தால் குறிப்பை எடுத்து நீட்டுகிறவர் இன்னொரு வகை. க்யூஎமு இரண்டாவது வகை. ஒரு சில்லின் கட்டளைகளைத் துண்டு துண்டாக இன்னொரு சில்லின் கட்டளைகளாக மாற்றிச் சேமித்துக்கொள்கிறது. வேகம் அங்கிருந்துதான் வந்தது. சில்லை மட்டுமல்ல, வட்டு, திரை, வலை இணைப்பு என்று முழு எந்திரத்தையும் அது நடித்துக்காட்டும். அதுவரை கருவி வாங்கக் காசில்லாதவருக்கு அந்தக் கருவியைப் படிக்கவும் வழி குறைவு. பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால் போதும், கண்ணால் பார்க்காத எந்திரத்தைப் பிரித்து மேயலாம் என்று ஆனது. இதை விடுதலை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

சில்லுகளே மெய்நிகராக்கத்துக்கு இடங்கொடுக்கும்படி இன்டெலும் ஏஎம்டியும் வடிவமைப்பை மாற்றிய பிறகு, கும்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தில் எழுதப்பட்ட கேவிஎம் 2007 பிப்ரவரியில் லினக்ஸ் கருவுக்குள் சேர்ந்தது. கேவிஎம் வேகத்தைக் கொடுக்க, க்யூஎமு உடலின் மற்ற உறுப்புகளை நடித்தது. 2008இல் ரெட் ஹேட் நிறுவனம் கும்ரானெட்டை வாங்கியது. 2019இல் ரெட் ஹேட்டை ஐபிஎம் வாங்கியது. சுத்திச் சுத்திக் கடைசியில் புறப்பட்ட வீட்டுக்கே!

3

நம் மரபில் இதற்குப் பெயர் கூடு விட்டுக் கூடு பாய்தல். பெரியபுராணத்தில் திருமூலர் கதையைச் சேக்கிழார் சொல்கிறார். கயிலையிலிருந்து வரும் யோகி, சாத்தனூரில் மூலன் என்ற இடையன் செத்துக்கிடப்பதையும் மாடுகள் கதறுவதையும் பார்க்கிறார். இரங்கி அவன் உடலுக்குள் புகுகிறார். மாடுகள் மகிழ்கின்றன. மூலனின் மனைவி வந்து அழைக்கும்போது, உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகுகிறார். தன் பழைய உடலைத் தேடிப்போனால் அது காணவில்லை. இடையனின் உடலிலிருந்தபடியே மூவாயிரம் பாடல்கள் பிறக்கின்றன.

இந்தப் பிரதியை யோகியின் பக்கம் நின்றே வாசித்துப் பழகியிருக்கிறோம். உயிர் பாய்ந்தது, ஞானம் பிறந்தது, நல்லது. பாய்வதற்கு இடங்கொடுத்த உடல் மாடு மேய்த்த உடல். அந்த உடலுக்கு ஒரு வீடு இருந்தது, அதை நம்பி ஒரு பெண் இருந்தாள். கதைக்குள் அவளுக்குக் கிடைத்த பதில் விலகல் மட்டுமே. மெய்நிகர் எந்திரங்களின் வரலாறும் இதேபோல உயிரின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. நான் மூலன் பக்கம் நின்று கேட்கிறேன்: பாயும் மென்பொருளுக்கு உடல் செய்து தருகிறவர் யார்?

4

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடித் தொழிலாளர்கள் மட்டும் சுமார் 8,000 பேர், பெரும்பாலோர் இளம்பெண்கள். அங்கே பூட்டப்பட்ட போனின் உடல் இங்கே பிறந்தது, உயிர் பின்லாந்திலிருந்து வந்தது. போனுக்குள் ஏற்றும் மென்பொருளுக்காக இந்திய நோக்கியா தன் தாய் நிறுவனத்துக்குப் பணம் செலுத்திவந்தது. அது உரிமத்தொகை, அதற்கு வரி பிடித்திருக்க வேண்டும் என்று 2013இல் வருமான வரித்துறை சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. நிறுவனம் மறுத்தது. வழக்கின் மையத்தில் இருந்த கேள்வியைக் கவனியுங்கள்: மென்பொருள் சரக்கா, உரிமையா? உயிர் உடலின் பாகமா, வெளியிலிருந்து வாடகைக்கு வந்ததா? சைவ சித்தாந்தக் கேள்வி மாதிரி இருக்கிறதில்லையா! ஆனால் பதில் வருவதற்குள் போனது உடல்களின் பிழைப்பு.

நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சொத்து முடங்கியிருந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் போன் உற்பத்தியை முக்கியமாக ஹனோயில் குவிக்கப்போவதாக அறிவித்தது. நவம்பர் 1 அன்று இங்கே உற்பத்தி நின்றது. மெய்நிகர் எந்திரத்தில் ஒரு வசதி உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை நிறுத்தாமலே ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைக்கலாம், உள்ளே ஓடும் நிரலுக்கு இடம் மாறியதே தெரியாது. மூலதனம் அப்படித்தான் இடம் மாறுகிறது. பழைய கூட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வரி வழக்கு 2018இல் சுமார் 1,600 கோடி ரூபாயில் தீர்ந்தது. அதற்குள் ஆலை மூடி நான்கு வருஷம்.

இன்னொரு வசதி, படம்பிடித்து வைத்தல். எந்திரத்தின் நிலையை ஒரு நொடியில் உறையவைத்துச் சேமிக்கலாம், பிற்பாடு ஏதாவது கெட்டுப்போனால் அந்த நொடிக்கே திரும்பலாம். 2010 அக்டோபர் கடைசியில் அதே ஆலையில் சர்க்யூட் பலகைகளை ஏற்றும் எந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் தொழிலாளி இறந்தார். அவருக்குத் திரும்ப ஒரு நொடி இல்லை.

5

நோக்கியாவின் இன்னொரு பொருள் வேறு மாதிரி வாழ்ந்தது. லினக்ஸில் ஓடிய அதன் கைக்கணினிகளுக்கு நிரல் எழுதியவர்கள் க்யூஎமுவையே நம்பியிருந்தார்கள். மேசைக் கணிப்பொறியில் உட்கார்ந்தபடியே ஆர்ம் சில்லுக்கான நிரலை ஓட்டிப் பார்க்க அதுதான் வழி. 2007இல் வந்த என்800, என்810 கைக்கணினிகளை முழுமையாகவே போலச்செய்யும் பகுதி க்யூஎமுவில் சேர்ந்தது. சந்தையில் அந்தக் கருவி செத்தது, நோக்கியாவின் போன் தொழில் கைமாறியது, நம்மூர் ஆலை மூடியது. அந்தப் போலி மட்டும் 2024 வரை க்யூஎமுவில் உயிரோடு இருந்தது. பராமரிக்க ஆளில்லை என்று அந்த ஆண்டில் நீக்கினார்கள். அப்போதும் பழைய பதிப்புகளில் அது கிடைக்கிறது, வேண்டுமென்றால் யாரும் எழுப்பலாம். எழுதியவர் பெயர் ஒவ்வொரு வரியோடும் பதிந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய கோடிக்கணக்கான போன்களில் பூட்டியவர் பெயர் ஒன்றிலாவது உண்டா?

இதை வைத்துத் திறந்த மூலநிரலே மோட்சம் என்று நான் சொல்ல வரவில்லை. க்யூஎமுவையும் லினக்ஸையும் காக்கும் உரிமம், நிரலை அடுத்தவருக்குக் கொடுத்தால் மூலத்தையும் கொடு என்கிறது. நிரலைக் கொடுக்காமல், அது ஓடும் எந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டால்? கட்டாயம் இல்லை. அமேசான் 2017 முதல் தன் வாடகை எந்திரங்களைக் கேவிஎம் அடிப்படைக்கு மாற்றத் தொடங்கியது. கூகுள் கேவிஎம்மை வைத்துக்கொண்டு, க்யூஎமுவின் இடத்தில் தானே எழுதிய, வெளியே காட்டாத நிரலைப் பொருத்தியது. மேய்க்கால் புறம்போக்கில் யாரும் மேய்க்கலாம். ஆனால் ஆயிரம் மாடு வைத்திருப்பவனுக்கும் ஒரு மாடு வைத்திருப்பவனுக்கும் அதே புல் ஒரே பலனைத் தருவதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு இருக்கிறது. சென்னை ஐஐடியில் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியின் மேல் சக்தி என்ற சில்லுக் குடும்பம் வடிவமைக்கப்பட்டது. 2021இல் அதன் ஒரு வகை க்யூஎமுவில் இடம்பெற்றது. சக்தி பலகையைக் காசு கொடுத்து வாங்காமலே குன்றத்தூர்ப் பையனோ பொண்ணோ அதற்கு நிரல் எழுதிப் பார்க்கலாம். கட்டளைத் தொகுதி திறந்திருந்தால் எந்திரம் எந்த ஊரிலும் மறுபடி பிறக்கும். இந்த உரிமையை இடதுசாரிகளும் தலித் இயக்கங்களும் தொழிற்சங்கங்களும் தங்கள் கோரிக்கையாக எடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பிரஸ் எந்திரத்தின் பாதுகாப்புப் பூட்டு எப்போது கையை விடும், எப்போது விடாது என்பதும் ஒரு நிரல்தான். அதன் முன்னால் நிற்கிறவருக்கு அதைப் படிக்கும் உரிமை வேண்டாமா?

ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கப் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்று நிறுவனம் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில் அதே பெயரோடு சங்கம் பதிவானது. பெயர் என்ன பெரிய விஷயமா என்று சிலர் கேட்டார்கள். திருமூலர் கதையின் முடிவை அவர்கள் யோசிக்கவில்லை. பாய்ந்து வந்தது யோகியின் உயிர்தான், பாடியதும் அதுதான். ஆனால் இன்றுவரை நாம் சொல்லிக்கொண்டிருக்கிற பெயர், மாடு மேய்த்த மூலனுடையது.