ரிம்பா கியாரா: ஒரு பூங்காவும் இரண்டு முறையீடுகளும்



கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி, புக்கிட் கியாரா குன்றின் அடிவாரத்தில் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 25 ஏக்கர். அதில் பாதி நிலத்தில் வானளாவிய அடுக்ககங்கள் எழுப்பும் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் மாநகர் மன்றத்திடம் முறையிட்டனர். முறையீடு பலிக்காமற்போகவே வழக்குத் தொடுத்தனர். 2023இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நாளிதழ் படிப்போர் இதனை நன்கறிவர்.

இந்நிகழ்வைப் பசுமைக்கும் மேம்பாட்டுக்கும் நடந்த போராட்டம் என்றே பலரும் எழுதினர். பூங்காவின் ஓரத்தில் நீண்ட வீடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ நூறு குடும்பங்களைப் பற்றிய செய்தி அவ்வெழுத்துகளில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அக்குடும்பங்களுள் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள். அவர்களை விட்டுவிட்டு இவ்வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறே ஆகும்.

புக்கிட் கியாரா முன்னர் ரப்பர் தோட்டமாக இருந்தது. கோலாலம்பூரின் மேற்குப் புறத்தில் இன்று செல்வர் வாழும் பகுதிகள் பல அவ்வாறு இருந்தவையே. பங்சார் என்னும் பெயரே பங்கி, கிரிசார் என்ற இரு ஐரோப்பியரின் பெயர்கள் சேர்ந்து உருவானது என்பர். அவர்கள் பெயரில் அங்கொரு ரப்பர் தோட்டம் இருந்தது. முதலாளியின் பெயர் ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. பால் மரம் சீவியவர் பெயரில் அங்கு ஒரு தெருவாவது உண்டா என்று தேடிப் பார்க்கலாம்.

1980களின் தொடக்கத்தில் புக்கிட் கியாரா தோட்டத்தை அரசாங்கம் கையகப்படுத்தியது. தோட்டம் போனதும் வேலை போயிற்று. தோட்டப்புறத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை என்பதை நம் பாட்டன்மார் நன்கறிவர். வேலை நின்றால் லயத்து வீட்டில் இருக்கும் உரிமையும் நின்றுவிடும். தோட்டம் தோட்டமாக நம்மவர் நகர ஓரங்களுக்குப் பெயர்ந்ததன் அடிப்படை இதுதான். கியாரா தொழிலாளர்கள் 1982இல் நீண்ட வீடுகளில் குடியேற்றப்பட்டனர். இது தற்காலிக ஏற்பாடே, நிலையான வீடு பின்னர் வரும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆண்டுகள் கடந்தன. குழந்தைகள் அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். "தற்காலிகம்" என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் வேறு. கியாராவில் அதற்கு வாய்த்த பொருள் வேறு.

பழைய தோட்ட நிலத்தில் குதிரையேற்ற மன்றமும் குழிப்பந்துத் திடலும் எழுந்தன. எஞ்சிய பசுமையில் ஒரு பகுதியே ரிம்பா கியாரா. காலையில் நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் நகரின் பல பகுதிகளிலிருந்தும் அங்கு வருவர். 2004இல் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டமும் அப்பகுதியைப் பூங்காவாகவே காட்டியது.

இந்நிலையில் பூங்காவில் ஏறத்தாழ 12 ஏக்கர் நிலம் கூட்டரசுப் பிரதேச அறவாரியத்தின் பெயருக்கு மாறியது. அவ்வறவாரியம் தனியார் மேம்பாட்டு நிறுவனம் ஒன்றோடு கைகோத்தது. 2017 ஜூலையில் மாநகர் மன்றம் மேம்பாட்டு உத்தரவு வழங்கியது. 42 முதல் 54 மாடி வரை உயர்ந்த எட்டுக் கட்டடங்கள், அவற்றில் 1,766 அடுக்குமாடி வீடுகள். இவற்றோடு 29 மாடியில் ஒரு கட்டடம், அதில் கட்டுபடி விலை வீடுகள் 350. நீண்ட வீட்டு மக்களுக்கான வீடுகள் அந்த 350க்குள் அடக்கம்.

இவ்வெண்களைச் சற்று நிறுத்திப் பாருங்கள். வீடு தருவதாகச் சொல்லப்பட்டது ஏறத்தாழ நூறு குடும்பங்களுக்கு. எழ இருந்த வீடுகள் இரண்டாயிரத்துக்கும் மேல். "ஏழை மக்களுக்கு வீடு கட்டுகிறோம், அதை எதிர்க்கலாமா?" என்ற கேள்வி திட்டத்துக்கு ஒரு கேடயமாக நின்றது. முப்பத்தைந்து ஆண்டுகளாக நிறைவேறாத வாக்குறுதியைக் கொண்டே புதிய திட்டத்துக்கு நியாயம் கற்பித்தனர் என்பது என் கருத்து.

நீண்ட வீட்டு மக்களில் பலர் திட்டத்தை வரவேற்றனர். அவர்களைக் குறை கூற நமக்கென்ன தகுதி உண்டு? ஒழுகும் கூரையின் கீழ் ஒரு தலைமுறைக்கும் மேலாகக் காத்திருந்தவரிடம் மரங்களின் நிழலைப் பற்றிப் பேசினால் அவர் சினங்கொள்வது இயல்பே. அதே வேளையில், திட்டத்தை எதிர்த்த குடியிருப்பாளர்களும் அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. நீண்ட வீடுகள் இருந்த இடத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டித் தாருங்கள், பூங்காவைத் தொடாதீர்கள் என்பதே அவர்களின் வாதம். ஆயினும் வசதி படைத்தோர் ஏழைகளுக்குத் தடையாய் நிற்பது போன்ற தோற்றம் ஏற்பட்டது. பணக்கார வட்டாரம், படித்த மக்கள், வழக்கறிஞர் துணை ஆகியவை அத்தோற்றத்துக்கு வலுவூட்டின.

மாநகர் மன்றத்திடம் முறையிட்டனர் என்றேன். அதிலும் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. கோலாலம்பூர் மக்கள் 1952இல் தம் நகர மன்றத்துக்கு முதன்முறையாக வாக்களித்தனர். 1960ஆம் ஆண்டுத் தலைநகரச் சட்டம் 1961இல் நடப்புக்கு வந்ததும் அவ்வுரிமை முடிந்தது. அன்று தொட்டு நகரை ஆள்பவர் நியமனம் பெற்றவரே. 1972இல் மாநகரத் தகுதி கிடைத்தபின் அவர் டத்தோ பண்டார் எனப்பட்டார். அவரை வாக்களித்து அமர்த்தவும் முடியாது, வாக்களித்து நீக்கவும் முடியாது. எனவே ஒரு நிலத்தைப் பற்றிய மக்களின் கருத்து அவர் மேசையைச் சென்றடைய எஞ்சிய வழி ஆட்சேபக் கடிதமும் மனுவுமே. அவற்றை அவர் கேட்டாக வேண்டுமா, கேட்டோம் என்று குறித்துக்கொண்டால் போதுமா? வழக்கின் உயிர்நாடி இக்கேள்விதான்.

2017 ஆகஸ்டில் அடுக்ககங்களின் நிர்வாகக் கழகங்களும் தனிமனிதர் சிலரும் சேர்ந்து சீராய்வு மனு தாக்கல் செய்தனர். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரி 27இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி மேம்பாட்டு உத்தரவை ரத்து செய்தது. உத்தரவை வழங்கிய டத்தோ பண்டாரே நிலத்தை வைத்திருந்த அறவாரியத்தின் அறங்காவலர்களுள் ஒருவராகவும் இருந்தார். விண்ணப்பிப்பவர் பக்கமும் ஒப்புதல் தருபவர் இருக்கையிலும் ஒருவரே அமர்ந்தால் அது நலன் முரண் என்று அந்நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. வகுப்புத் தேர்வில் தன் தாளைத் தானே திருத்திக்கொள்ள எந்த மாணவனையும் நாம் விடுவதில்லை அல்லவா!

2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்புரையை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அரசிதழில் வெளியான கட்டமைப்புத் திட்டத்தை டத்தோ பண்டார் தம் விருப்பம்போல் ஒதுக்கிவைக்க இயலாது. அதிலிருந்து விலகுவாராயின் அதற்குக் காரணம் காட்டும் கடமை அவருக்கு உண்டு. இவ்விரண்டும் அத்தீர்ப்பின் சாரம். நியமனம் பெற்ற அதிகாரியும் காரணம் சொல்லக் கடமைப்பட்டவரே என்பது உறுதியாயிற்று. ஊராட்சித் தேர்தல் இல்லாத ஊரில் இது சிறிய செய்தி அன்று.

பூங்காவுக்காகத் தொடர்ந்த வழக்கு ஆறாண்டுக்குள் முடிவு கண்டது. நீண்ட வீட்டு மக்களின் முறையீடு அதைவிட மூத்தது. அவர்கள் கையில் இருந்ததோ வாய்மொழி வாக்குறுதி. அரசிதழில் வெளியான திட்டம் நீதிமன்றத்தில் ஆவணமாக நின்றது. தோட்டம் மூடப்பட்ட நாளில் தொழிலாளியிடம் சொல்லப்பட்ட சொல்லுக்கு அந்த வலிமை வாய்க்கவில்லை. தீர்ப்பு, கட்டடங்களைத் தடுத்தது. வீடு கட்டித் தருமாறு ஆணையிடுவது அவ்வழக்கின் எல்லைக்குள் வரவில்லை. தீர்ப்பு நாளன்று, 1982இல் கைக்குழந்தையாய் அங்கு வந்தவர்களுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.