ஈமப்பேழை (செங்கல்பட்டுப் பகுதி)

ஈமப்பேழை என்பது இறந்தோரின் எலும்புகளை இட்டுப் புதைப்பதற்காகச் சுட்ட களிமண்ணால் செய்யப்பட்ட, கால்களை உடைய நீள்வடிவப் பெட்டியாகும். தமிழ்நாட்டின் பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த இவ்வகைப் பேழைகள் செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பாலாற்றுப் பகுதியில் பல இடங்களில் கிடைத்துள்ளன. ஆதிச்சநல்லூர் முதலிய தென்பகுதி இடங்களில் பெருவழக்காக உள்ள முதுமக்கள் தாழியிலிருந்து இவை வடிவில் வேறுபட்டவை. பண்டைய எகிப்தியரின் சவப்பெட்டிகளுடன் இவற்றைத் தொடர்புபடுத்திக் கூறுவோரும் உண்டு.

அமைப்பு

பேழை பார்வைக்குக் கால் முளைத்த தொட்டி போன்றிருக்கும். அதன் அடியில் குட்டையான கால்கள் வரிசையாக அமைந்திருக்கும். கால்களின் எண்ணிக்கை பேழைக்குப் பேழை மாறுபடும். மேலே தனியாகச் செய்த சுடுமண் மூடி இடப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தின் சங்கவரத்தில் ஆட்டுக்கடா வடிவிலான பேழை ஒன்று கிடைத்துள்ளது.

பேழையைக் குழியில் இறக்கி, மேலே கற்களைக் குவித்து, சுற்றிலும் பெருங்கற்களை வட்டமாக நட்டனர். இக்கல்வட்டங்களைப் பாண்டவர்களோடு தொடர்புபடுத்திப் பாண்டவர் குழி என்று மக்கள் அழைப்பதுண்டு. உள்ளே கருப்பு-சிவப்பு மட்கலங்கள், மணிகள், இரும்புக் கருவிகள் ஆகியவை வைக்கப்பட்டன. மட்கலங்கள் சிலவற்றில் கீறல் குறியீடுகள் காணப்படுகின்றன. இவற்றின் பொருள் இன்றளவும் உறுதியாக அறியப்படவில்லை.

அகழாய்வுகள்

பல்லாவரத்தில் 1863 ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவி புகழ்பெற்றது. அதே ஊரில் 1880களில் அலெக்சாண்டர் ரீ ஈமப்பேழைகளைக் கண்டறிந்தார். பின்னர் அவர் பெரும்பேரிலும் அகழ்ந்தார். மதுராந்தகம் அருகேயுள்ள சானூரில் 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் என். ஆர். பானர்ஜி, கே. வி. சௌந்தரராஜன் ஆகியோர் நடத்திய அகழாய்வு இப்பகுதியைப் பற்றிய அடிப்படை ஆய்வாக விளங்குகிறது. திருக்கழுக்குன்றம் அருகேயுள்ள குன்னத்தூர், மாமல்லபுரத்துக்கு மேற்கேயுள்ள சிறுதாவூர் ஆகியவையும் குறிப்பிடத்தக்க இடங்களாகும்.

எகிப்திய வழக்கத்துடன் ஒப்பீடு

இறந்தவருக்கு மறுவாழ்வு உண்டு என எகிப்தியர் நம்பினர். அவ்வாழ்வுக்கு உடல் தேவை என்பதால் அதனைக் கெடாமல் காத்தனர். நேட்ரான் என்னும் உப்பால் உடலை உலர்த்தினர். நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை எடுத்து நான்கு சாடிகளில் இட்டனர். இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டனர். பதனிடும் பணி 70 நாட்கள் நடந்ததாக எரோடோட்டசு எழுதியுள்ளார்.

செங்கல்பட்டுப் பகுதியில் நடந்ததோ ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது. இங்குள்ள பேழைகளில் பெரும்பாலும் முழு எலும்புக்கூடு கிடைப்பதில்லை; எலும்புத் துண்டுகளே கிடைக்கின்றன. உடலை வேறிடத்தில் சிதைய விட்டு, எஞ்சிய எலும்புகளைத் திரட்டிப் பேழையில் இட்டனர் என்பது ஆய்வாளர் கருத்து. இது இரண்டாம் நிலைப் புதைப்பு எனப்படும். ஆகவே எகிப்தியர் காத்தது உடலை; இவர்கள் காத்தது எலும்பை. பெட்டி ஒன்றுபோல் தோன்றுவதைக் கொண்டு நம்பிக்கையும் ஒன்றே எனக் கொள்வது பொருந்தாது.

காலமும் இடைவெளி உடையது. கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 26 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செங்கல்பட்டுப் பேழைகள் பொதுவாகக் கி.மு. முதல் ஆயிரமாண்டில் வைத்து எண்ணப்படுகின்றன. தமிழகத்துக்கும் எகிப்துக்கும் இடையே உறுதியாக அறியப்படும் நேரடித் தொடர்பு இதற்கும் பிற்பட்டது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல்-கதீமில் கணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அப்போது எகிப்து உரோமப் பேரரசின் கீழ் இருந்தது. பாலாற்று முகத்துவாரத்தை அடுத்த வசவசமுத்திரத்தில் 1970 இல் நடந்த அகழாய்வும் இவ்வணிகக் காலத்தையே காட்டுகிறது.

இரும்பைப் பொறுத்தவரை ஒப்பீடு வேறொரு வகையில் சுவையானது. துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த குறுவாளின் இரும்பு விண்கல்லிலிருந்து பெறப்பட்டது என 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. அரசனுக்கே அரிதாக இருந்த அவ்வுலோகம், சானூர் மக்களின் குழிகளில் அன்றாடக் கருவியாகக் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்குக் கி.மு. 4 ஆம் ஆயிரமாண்டு வரை செல்லும் காலக்கணிப்புகளைத் தமிழ்நாடு அரசு 2025 இல் வெளியிட்டது. எனினும் அதனைக் கொண்டு செங்கல்பட்டுப் பேழைகளின் காலத்தைக் கணிக்க இயலாது.

இலக்கியம்

எகிப்தியர் தம் ஈமச்சடங்குகளைத் தாமே எழுதி வைத்தனர். பேழை செய்தோர் எழுத்து எதனையும் விட்டுச் செல்லவில்லை. கிள்ளிவளவன் இறந்தபோது தாழி செய்யும் குயவனை விளித்து ஐயூர் முடவனார் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. மணிமேகலை, எரித்தல், புதைத்தல், தாழியில் கவித்தல் உள்ளிட்ட பல வழக்கங்கள் ஒரே காலத்தில் நிலவியதைக் காட்டுகிறது.

இன்றைய நிலை

இப்பகுதியின் கல்வட்டங்கள் பலவற்றை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்துள்ளது. எனினும் கல் உடைப்பு, மனைப் பிரிவு, சாலைப் பணி ஆகியவற்றால் கல்வட்டங்கள் அழிகின்றன. எழுத்துச் சான்று இல்லாத இம்மக்களைப் பற்றி, எந்தக் கலம் எந்த எலும்பின் அருகே இருந்தது என்பதைக் கொண்டே அறிய முடியும். குழி கலைந்த பின் பேழையை அருங்காட்சியகத்தில் வைத்தாலும் அச்செய்தி திரும்பக் கிடைப்பதில்லை. பேழை கிடைத்த பல்லாவரம் இன்று நெருக்கமான குடியிருப்பாகும்.